"பிடி இல்லை" என்றால் முதலில் டயரைப் பாருங்கள்: மண் தட ரேஸ் கார்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

மண் ஓவல் தடத்தில் ஓட்டிவிட்டு வரும் ஓட்டுநர் பெரும்பாலும் ஒரே புகாரைத்தான் சொல்வார்: பிடி இல்லை. அதைக் கேட்டதும் இன்னும் மென்மையான டயரைத் தேடி ஓடுவது பலருக்கும் வழக்கம். பாதி நேரம் அது சிக்கலைக் கூட்டிவிடும். காரணம், ரப்பர் பிடிக்காமல் போவதற்கு நேரெதிரான இரண்டு வழிகள் இருக்கின்றன. ரப்பர் வேண்டிய அளவு சூடேறாமலே இருந்திருக்கலாம். அல்லது அளவுக்கு மேல் சூடேறி மேல்தோல் கெட்டுப்போயிருக்கலாம். சீட்டில் இருப்பவருக்கு இரண்டும் ஒரே வழுக்கல்தான். எது என்று டயரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கீழே உள்ளதெல்லாம் இடப்பக்கம் திரும்பும் ஓவல் தடங்களுக்கும், பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் பூட்டப்பட்டுச் சேர்ந்து சுழலும் கார்களுக்கும் பொருந்தும். உங்கள் தடத்தில் டயர் பற்றிய விதிகள் வேறாக இருந்தால் விதிதான் முதல். சில பிரிவுகளில் டயரில் கத்தி வைக்கவே அனுமதி கிடையாது.

எதையும் மாற்றும் முன்

கார் உள்ளே வந்ததும் வலது பின் டயரிடம் போங்கள். அதிக எடை சாய்வதும், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது அதிகம் இழுபடுவதும் அதுதான். தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். ஒட்டிய மண்ணைத் துணியால் துடைத்தால் போதும்.

டிரெட்டில், அதாவது தரையைத் தொடும் ரப்பர் பரப்பில், ஒரு பிளாக்கை (பள்ளங்களுக்கு நடுவே எழும்பி நிற்கும் ரப்பர் கட்டியை) தேர்ந்தெடுத்து, அதன் மேல் விரலை முதலில் டயர் உருளும் திசையில் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். பிறகு குறுக்கே, உள்ளிருந்து வெளியாகவும் வெளியிலிருந்து உள்ளாகவும். ஒரு பக்கம் வழவழவென்று போய், திரும்பி வரும்போது விளிம்பு விரலில் தட்டினால், ரப்பர் அந்த வாக்கில் இழுபட்டுத் தேய்ந்திருக்கிறது. உருளும் திசையில் தட்டினால் சக்கரம் வெறுமனே சுழன்றிருக்கிறது. குறுக்கே தட்டினால் கார் பக்கவாட்டில் வழுக்கியிருக்கிறது. இந்த ஒரு வேறுபாடு தெரிந்தாலே, பின்னால் எந்தத் திசையில் வெட்டுப் போடுவது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

அப்புறம் மேற்பரப்பு. பளபளப்பு இல்லாமல், நைஸான உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக, விளிம்புகள் லேசாக மழுங்கியிருந்தால் டயர் நன்றாக வேலை செய்திருக்கிறது. அதைத் தொந்தரவு செய்யாதீர்கள். பளபளப்பாகவும் விளிம்புகள் புதிது போலக் கூர்மையாகவும் இருந்தால் ரப்பர் சூடேறவே இல்லை. பளபளப்பு இருந்து, விளிம்பு உருண்டு, லேசான நீல நிறமும் தெரிந்தால் சூடு தாண்டிவிட்டது. ஆக, பளபளப்பை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, விளிம்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிட்டில், அதாவது தடத்துக்குப் பக்கத்தில் காரைச் சரிபார்க்கும் இடத்தில், நடக்கும் தவறான தீர்ப்புகளில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது.

வெப்பமானி வைத்திருப்பவர்கள் ரப்பருக்குள் ஊசி இறக்கி அளக்கும் வகையைப் பயன்படுத்துங்கள். தூரத்திலிருந்து காட்டும் இன்ஃப்ராரெட் கருவி மேல்தோலின் சூட்டை மட்டும் சொல்லும். கார் மெதுவாக உருண்டு பிட்டுக்கு வருவதற்குள் அந்த மேல்தோல் ஆறிவிடும்.

தடத்தைப் பார்த்து டயர்

தண்ணீர் தெளித்துக் கருமையாக ஈரத்தோடு இருக்கும் களிமண் தானே பிடி கொடுக்கும். அங்கே டயர் அவ்வளவாகச் சூடேறாது. எனவே மென்மையான காம்பவுண்ட் (ரப்பர் கலவை) தாங்கும். மண்ணை வாரி வெளியே தள்ள அகலமான பள்ளங்கள் வேண்டும், பக்கவாட்டு விசை அதிகம் என்பதால் காற்று சற்றுக் கூடுதலாக வேண்டும். பந்தயம் பந்தயமாக ஈரம் போய்த் தடம் வெளுத்து, வழவழப்பாகிவிட்டால் சக்கரம் சுழல ஆரம்பிக்கும், சூடு அங்கிருந்துதான் கிளம்புகிறது. மென்மையான ரப்பர் நல்ல பிடி கொடுக்கும், ஆனால் ஓட்டுநர் காலை அடக்கவில்லை என்றால் சீக்கிரம் வெந்துவிடும். கடைசியாக, பந்தயப் பாதையில் கறுப்பாக ஒரு பட்டை தெரிந்தால் தடத்தில் ரப்பர் படிந்துவிட்டது என்று பொருள். அது வேறு கணக்கு. அதைப் பிறகு பார்ப்போம்.

காம்பவுண்ட் எண்களைப் பொறுத்தவரை, ஒரு நிறுவனத்தின் ஒரு வரிசைக்குள் மட்டுமே ஒப்பிடுங்கள். ரேஸ் டயர் நிறுவனமான ஹூசியரின் லேட் மாடல் (மண் தடக் கார்களில் ஒரு பிரிவு) டயர்களில் எண் ஏற ஏற ரப்பர் கெட்டியாகும். இன்னொரு நிறுவனத்தின் எண்ணை இதோடு சேர்த்துப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். ரப்பரின் கெட்டித்தன்மையைக் காட்டும் டியூரோமீட்டர் கொண்டு அளப்பது உதவும். ஆனால் சூடான டயர் மென்மையாகக் காட்டும், குளிர்ந்த டயர் கெட்டியாகக் காட்டும். எல்லா டயர்களையும் ஒரே சூட்டில், ஒரே கருவியால், பிளாக்கின் நடுவில் வைத்து அளந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

அறிகுறி: முதல் சுற்றுகளில் வழுக்கல், போகப் போகச் சரியாகிறது

டயர் தாமதமாகச் சூடேறுகிறது. விளிம்புகள் கூர்மையாக, மேல் பளபளப்பாக இருக்கும். சில நேரம் பந்தயம் முடியும்போதுதான் கார் ஓட ஆரம்பித்தது போல இருக்கும். குறைந்த சுற்றுகள் உள்ள தகுதிப் பந்தயத்தில் இந்தச் சிக்கல் இடத்தையே பறித்துவிடும்.

புது டயரா என்று முதலில் பாருங்கள். டயரை வார்த்த அச்சிலிருந்து வந்த மினுமினுப்பு மேலே அப்படியே இருந்தால் அதைக் கரடான டிஸ்க்கால் லேசாகச் சுரண்டி எடுங்கள். பழைய டயராக இருந்தால் போன ஓட்டத்தில் இறுகிய மேல்தோலை கிரைண்டரால் நீக்குங்கள். டயரைச் சுழலும் ஸ்டாண்டில் மாட்டி, டிஸ்க்கை ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே போக வேண்டும். நின்ற இடத்தில் ரப்பர் கருகினால், நீக்க வந்த இறுகலை நாமே உண்டாக்கியதாகிவிடும். முகமூடியும் கண்ணாடியும் அணியாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

அது போதவில்லை என்றால் சைப்பிங். மெல்லிய கத்தியால் ரப்பரை எடுக்காமல் கோடு கோடாகக் கீறுவதுதான் சைப்பிங். கீறிய பிளாக் சின்னச் சின்ன இதழ்களாகப் பிரிந்து ஆடும். அந்த ஆட்டம் சூட்டைச் சீக்கிரம் கொண்டுவரும், மண்ணைக் கவ்வுவதற்குப் புது விளிம்புகளும் கிடைக்கும். க்ரூவிங் என்பது வேறு: சூடான இரும்பு பிளேடால் ரப்பரை வெட்டி எடுத்து நிஜமான பள்ளம் உண்டாக்குவது. அது மண் வெளியேறவும், டயர் ஆறவும் வழி செய்யும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைச் செய்தால் பலன் தலைகீழாகிவிடும்.

திசை இங்கே முக்கியம். டயரின் குறுக்கே போடும் வெட்டு, முன்னோக்கிப் பாயும்போது பிடிக்கும். டயரைச் சுற்றி நீளவாக்கில் போடும் வெட்டு, வளைவில் பக்கவாட்டில் வழுக்காமல் பிடிக்கும். விரலால் தடவிப் பார்த்தது நினைவிருக்கிறதா? சக்கரம் வெறுமனே சுழன்ற அடையாளம் இருந்தால் குறுக்கே கீறுங்கள். பக்கவாட்டு அடையாளம் இருந்தால் நீளவாக்கில். இரண்டும் இருந்தால் இரண்டையும் சிறிது சிறிதாகச் செய்யுங்கள், ஒரே மூச்சில் வேண்டாம். வெட்டிய ரப்பரைத் திரும்ப ஒட்ட முடியாது.

ஆழம் பற்றி என் கருத்து: சைப் கீறல் பிளாக் உயரத்தின் பாதியைச் சற்றுத் தாண்டினால் போதும். பள்ளம் வெட்டும்போது டயரில் ஏற்கெனவே உள்ள பள்ளத்தின் அடியைத் தாண்டவே கூடாது. துணி அடுக்கு தெரிய ஆரம்பித்தால் அந்த டயரின் கதை முடிந்தது.

அறிகுறி: ஆரம்பத்தில் அருமை, பாதியில் சரிவு

இது மேலே சொன்னதற்கு நேரெதிர். ஓட்டுநர் இதையும் "பிடி இல்லை" என்றுதான் சொல்வார். அதனால் "எப்போதிலிருந்து?" என்று கேளுங்கள். டயரில் விளிம்புகள் உருண்டு, மேலே எண்ணெய் பூசியது போன்ற மினுமினுப்பு இருக்கும்.

காம்பவுண்ட் ஒரு படி கெட்டியாக வேண்டியிருக்கலாம். ஆனால் அதற்கு முன் காற்றைப் பாருங்கள், ஏனென்றால் மண் தட டயர்களில் காற்று மிகக் குறைவு. பல கார்களில் 10 பி.எஸ்.ஐ. அளவுதான் ஓடுகிறது. அவ்வளவு குறைவான அழுத்தத்தில் சூடு எவ்வளவு விளையாடுகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மீட்டர் காட்டும் 10 பி.எஸ்.ஐ.யோடு வெளிக்காற்றின் அழுத்தமான 14.7-ஐச் சேர்த்தால் மொத்தம் 24.7. டயருக்குள் காற்று 27 டிகிரி செல்சியஸிலிருந்து 67 டிகிரிக்கு ஏறினால் அந்த மொத்த அழுத்தம் 28 ஆகும். அதாவது மீட்டரில் 13.3. நாம் வைத்ததில் மூன்றில் ஒரு பங்கு தானாகவே ஏறிவிட்டது! காற்று ஏற ஏற டயர் நடுவில் புடைக்கும், தரையைத் தொடும் பரப்பு சுருங்கும், சுருங்கிய பரப்பு இன்னும் சூடாகும். ஈரக் காற்று நிரப்பியிருந்தால் இந்த ஏற்றம் கணிக்க முடியாததாகிவிடும். அதனால்தான் பலர் நைட்ரஜனோ உலர்ந்த காற்றோ நிரப்புகிறார்கள்.

டிரெட்டின் குறுக்கே தேய்மானத்தைப் பாருங்கள். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் ஓட்டத்தின்போது காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு புதிதாக இருந்தால் குறைவு. நடு தேய்ந்த டயருக்குத் தொடக்க அழுத்தத்தைக் குறையுங்கள், அல்லது அனுமதி இருந்தால் ரிம்மில் பிளீடர் வால்வு பொருத்துங்கள். அது நீங்கள் வைத்த அளவைத் தாண்டும் காற்றைத் தானே வெளியேற்றிவிடும். காற்று சரியாக இருந்தும் டயர் வெந்திருந்தால்தான் கெட்டியான காம்பவுண்டுக்குப் போக வேண்டும். கையில் இருப்பது அந்த ஒரு டயர்தான் என்றால் நீளவாக்கில் இரண்டொரு பள்ளம் வெட்டிச் சூடு வெளியேற வழி விடுங்கள். சைப் கீறலை மட்டும் இப்போது சேர்த்துவிடாதீர்கள்.

அறிகுறி: டிரெட்டில் கொப்புளம், சின்னச் சின்னக் குழிகள்

சூடு மேலே மட்டும் இல்லை, உள்ளேயே பொங்கியிருக்கிறது. ரப்பருக்குள் உண்டான வாயு வெளியே வரும்போது குழி விழுகிறது. மேலே கிரைண்டர் ஓட்டினால் குழி மறையலாம், ஆனால் அடியில் ரப்பர் ஏற்கெனவே பலவீனமாகிவிட்டது. முக்கியமான பந்தயத்தில் அந்த டயரை வலது பக்கம் போடாதீர்கள். அடுத்த டயர் ஒரு படி கெட்டியானதாக இருக்கட்டும், பெரிய பிளாக்குகளை நடுவே பள்ளம் வெட்டிப் பிரியுங்கள். பருத்த பிளாக்கின் நடுவில்தான் சூடு தங்கும். கொப்புளம் எங்கே தொடங்கியிருக்கிறது என்று பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அறிகுறி: பிளாக்குகள் பிய்ந்து போகின்றன

பெரும்பாலும் நம் கைவேலைதான். பிளாக்கைச் சின்னதாக வெட்டியிருப்போம், அல்லது கீறலை அடிவரை இறக்கியிருப்போம். தாங்க அடித்தளம் இல்லாத இதழ் பிய்ந்துதான் போகும். வெட்டு எதுவும் போடாத டயரே பிய்ந்தால், கல்லும் மணலும் கலந்த கரடான தடத்துக்கு அந்த ரப்பர் மிக மென்மையானது. கெட்டியானதை எடுங்கள்.

அறிகுறி: மூக்கு திரும்ப மறுக்கிறது, அல்லது பின்பக்கம் வெளியே வீசுகிறது

இங்கே ரப்பரை விட்டுவிட்டு அளவு நாடாவை எடுங்கள். ஸ்டாகர் என்று பிட்டில் சொல்வது, வலது பின் டயரின் சுற்றளவிலிருந்து இடது பின் டயரின் சுற்றளவைக் கழித்தால் வரும் வித்தியாசம். பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே வேகத்தில் சுழலும்போது, பெரிய டயர் அதிக தூரம் போகும், கார் தானாகவே இடப்பக்கம் வளையும்.

எவ்வளவு வேண்டும் என்பதை வளைவே சொல்லும். வலது பின் டயரின் சுற்றளவை இரண்டு பின் டயர்களின் நடுக்கோட்டு இடைவெளியால் பெருக்கி, வளைவின் ஆரத்தால் வகுங்கள். 88 அங்குலச் சுற்றளவு, 65 அங்குல இடைவெளி, 150 அடி ஆரம், அதாவது 1800 அங்குலம் என்றால் விடை சுமார் 3.2 அங்குலம். கார் வழுக்கிக்கொண்டே திரும்புவதால் இதை அச்சு அசலாகப் பின்பற்றத் தேவையில்லை. தொடங்க நல்ல இடம், அவ்வளவுதான். ஸ்பிரிண்ட் கார்களில் இந்த வித்தியாசம் 10 அங்குலத்தையும் தாண்டும். அதைப் பார்த்து மற்ற கார்களில் யாரும் காப்பியடிக்க வேண்டாம்.

வளைவின் நடுவில் மூக்கு வெளியே தள்ளினால் ஸ்டாகரைக் கொஞ்சம் கூட்டுங்கள். வளைவிலிருந்து வெளியேறி மிதிக்கும்போது பின்பக்கம் வீசினால் குறையுங்கள். நேர்ப்பாதையில் ஸ்டியரிங்கை வலப்பக்கம் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறதா? ஸ்டாகர் அதிகம். அளக்கும்போது ஓடப்போகும் அழுத்தத்தில் காற்றை வைத்து, டிரெட்டின் நடுக்கோட்டில் மெல்லிய எஃகு நாடாவைச் சுற்றுங்கள். டயரில் எழுதியிருக்கும் அளவை நம்பாதீர்கள். ஒரே எண் போட்ட இரண்டு டயர்கள் சுற்றளவில் வேறுபடுவது சகஜம்.

இன்னொன்று. ஆரம்பத்தில் சரியாகத் திரும்பிய கார் போகப் போக வீச ஆரம்பித்தால், ஸ்டாகர் ஓட்டத்திலேயே வளர்ந்திருக்கலாம். வலது பின் டயர் அதிகம் சூடாகும், அதிகம் புடைக்கும், இடதுபுறம் அந்த அளவுக்குப் புடைக்காது. கார் உள்ளே வந்த உடனே, ஆறுவதற்கு முன் இரண்டையும் அளந்து தொடக்க அளவோடு ஒப்பிடுங்கள். ஸ்டாகர் வளரவே இல்லை, டயர் மேற்பரப்பும் நான்கு சக்கரங்களிலும் நன்றாக இருக்கிறது என்றால், டயரை விட்டுவிட்டு ஸ்பிரிங்கையும் எடைப் பங்கீட்டையும் பாருங்கள்.

அறிகுறி: ஆறிய பிறகு காற்று குறைந்திருக்கிறது

10 வைத்து அனுப்பினீர்கள், டயர் ஆறியதும் மீட்டர் 7 காட்டுகிறது. உடனே பஞ்சர் என்று கழற்ற வேண்டாம். பிளீடர் வால்வு 10-க்கு வைக்கப்பட்டிருந்தால் இதுதான் சரியான எண். மேலே போட்ட கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: 67 டிகிரியில் 10 ஆக நிறுத்தப்பட்ட காற்று, 27 டிகிரிக்கு ஆறினால் 7-க்குத்தான் வரும். அடுத்த ஓட்டத்துக்கு முன் மறுபடி நிரப்பினால் முடிந்தது.

பிளீடர் உள்ள டயரில் 7-க்கும் கீழே போயிருந்தால்தான் கசிவைத் தேட வேண்டும். சோப்புத் தண்ணீரை முதலில் பிளீடர் மேல் ஊற்றுங்கள், மண் துகள் சிக்கினால் அது மூடாது. அடுத்து டயரும் ரிம்மும் சேரும் விளிம்பு, பிறகு காற்று நிரப்பும் வால்வு. இவ்வளவு குறைந்த காற்றில் ஓடும் வலது பின் டயர் பக்கவாட்டு விசையில் ரிம்மிலிருந்து கழன்றுவிடும் என்பதால்தான் பீட்லாக் வளையம் வைத்து போல்ட்டால் இறுக்குகிறார்கள். அந்த போல்ட்டுகளை ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கிச் சரிபாருங்கள்.

அறிகுறி: வேகத்தில் கார் அதிர்கிறது

ரிம்முக்குள் மண் அப்பியிருக்கும். சுரண்டி எடுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் சக்கரத்துக்கு மண் மூடி போடுங்கள். மண் இல்லாமலும் அதிர்ந்தால் ரிம் வளைந்திருக்கிறதா என்று சுழற்றிப் பாருங்கள்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் டயர் கண்முன்னே கரைகிறது

கறுப்புப் பட்டை சொன்னேனே, இதுதான் அது. ரப்பர் படிந்த தடம் கிட்டத்தட்டத் தார்ச்சாலை மாதிரிப் பிடிக்கும். எல்லோரும் அந்த ஒரே கோட்டில்தான் ஓடுவார்கள், முந்துவது அரிது. இங்கே பிடிக்குப் பஞ்சமில்லை, டயர் கடைசிச் சுற்று வரை மிஞ்சுமா என்பதுதான் கேள்வி. கையில் உள்ளதில் கெட்டியான காம்பவுண்ட், சைப் கீறல் இல்லாத முழு பிளாக், குறைந்த பள்ளம் ஆகியவைதான் தேர்வு. இறுதிப் பந்தயத்துக்கு முந்தைய பந்தயத்தில் கார்கள் வளைவின் ஒரே கோட்டில் வரிசையாக ஒட்டிப் போவதையும், மண் தூள் எழுவது நின்றிருப்பதையும் கவனித்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும். ஓட்டுநரிடம் சொல்ல வேண்டியது: பின் சக்கரத்தைச் சுழலவிடாதே.

அறிகுறி: போன வாரம் பிடித்த டயர் இந்த வாரம் பிடிக்கவில்லை

ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் ரப்பர் கொஞ்சம் கெட்டியாகும். டியூரோமீட்டர் எண் போன வாரத்தை விட எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். கொஞ்சம்தான் என்றால் மேல்தோலை கிரைண்டரால் நீக்கி, மழுங்கிய விளிம்புகளை மறுபடி கூராக்கினால் ஓடும். நிறைய ஏறியிருந்தால் எவ்வளவு சுரண்டினாலும் உள்ளே அதே இறுகிய ரப்பர்தான். புது டயருக்கு முதல் ஓட்டத்தில் மிதமாகச் சூடேற்றி, குறைந்தது ஒரு நாள் ஓய்வு கொடுப்பது ஆயுளைக் கூட்டும். சேமிக்கும்போது கறுப்பு பிளாஸ்டிக் பையில் கட்டி, வெயில் படாமல், மின் மோட்டார்களும் வெல்டிங் மெஷினும் இல்லாத அறையில் வையுங்கள். அவற்றிலிருந்து வரும் ஓசோன் ரப்பரில் வெடிப்பு விழ வைக்கும்.

ரப்பரை மென்மையாக்கும் திரவத்தில் ஊறவைத்தால் ஆயிற்று என்று ஒருவராவது சொல்வார். பெரும்பாலான பந்தய அமைப்புகளில் அது தடை செய்யப்பட்டது. டயரிலிருந்து சின்னத் துண்டு வெட்டியெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள், சிக்கினால் வென்ற இடமும் பணமும் போய்விடும். அந்தக் கரைப்பான்கள் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்புக்குள் போகக்கூடியவை. இறுகிப்போன டயரை இடது முன் சக்கரத்துக்கு மாற்றுங்கள். அங்கே வேலை குறைவு, அளவு ஒத்துவந்தால் இன்னும் சில பந்தயங்கள் ஓடும். ஒத்துவராவிட்டால் பயிற்சி ஓட்டத்துக்கு என்று சாக்பீஸால் எழுதித் தனியே வைத்துவிடுங்கள், அவசரத்தில் யாரும் பந்தயக் காரில் மாட்டிவிடாமல்.